எடது பக்கத்துப் பால்

பங்குனி மாசம். காலையில ஒம்போது மணிக்கே வெயிலு தலையில ஏறி ஒக்காந்துக்குச்சு. முத்தியால்பேட்டையில ஒரு நீட்டு வீட்டு வாசல்ல அஞ்சலாட்சி துணி மூட்டைய இடுக்கிக்கிட்டு நின்னா. அம்பத்தேழாம் வருசம். பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்கி ரெண்டரை வருசம் ஆயிருந்துச்சு, ஆனா தெருமொனைப் பலகையில பேரு இன்னும் அவன் எழுத்துலயேதான் இருந்துச்சு.

அவளக் கூட்டிக்கிட்டு வந்தது மருத்துவச்சி சின்னப்பொண்ணு. புள்ளைய வெளிய எடுத்துக் குடுக்குறதோட மருத்துவச்சி வேல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் நாப்பது நாளு தாயையும் புள்ளையையும் குளிப்பாட்டி, மருந்து அரைச்சுக் குடுத்து, பத்தியம் ஆக்கிப் போட்டு, பெத்தவளத் தேத்தி எழுப்பி நடக்க வுடுறதுக்கு இன்னொரு ஆளு வேணும். அந்த ஆளாத்தான் அஞ்சலாட்சி வந்திருந்தா. இதான் மொத வீடு.

"புள்ள எத்தினின்னு கேப்பாங்க," சின்னப்பொண்ணு காதாண்ட வந்து சொன்னா. "ஒன்னுன்னு சொல்லு."

"இல்லாதத எப்டிக்கா சொல்றது?"

"வாயாலதான். சோத்துல உப்பு பாக்குறவன்லாம் நாத்து நட்டவனா? ஆனா புள்ள பெக்காதவள எவளும் பெத்த வூட்டுக்குள்ள சேக்க மாட்டா. உண்மையச் சொல்லணும்னா இப்பவே தவளக்குப்பம் வண்டி ஏறிடு. உங்கண்ணி கஞ்சி ஊத்துவா, கூடவே ரெண்டு பேச்சும் ஊத்துவா."

அஞ்சலாட்சி மூட்டைய இன்னும் இறுக்கி இடுக்கிக்கிட்டா. ஆறு வருசம் புருசங்கூட இருந்தா. வயிறு தெறக்கலன்னு சொல்லி கன்னியப்பன் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான். இவள அண்ணன் வூட்டுல கொண்டாந்து வுட்டுட்டுப் போனான். இந்த வேலையும் நிக்கலன்னா அப்புறம் போறதுக்கு எடமில்ல.

கதவத் தெறந்தது வீட்டுக்கார அம்மா ராஜாம்பா. நெத்தியில துன்னூறு, கையில சாவிக்கொத்து.

"புள்ள எத்தினி ஒனக்கு?"

"ஒன்னுங்கம்மா."

"ஆணா, பொண்ணா?"

இத அவ யோசிச்சு வச்சிருக்கல. "பொண்ணு," வாயி தானா சொல்லிச்சு.

"நடக்குதா?"

"இன்னும் இல்லிங்க. அண்ணிகிட்ட வுட்டுட்டு வந்திருக்கேன்."

ராஜாம்பா அவள மேலயும் கீழயும் பாத்தா. அப்புறம் வழி வுட்டா.

முற்றத்தத் தாண்டி பின்கட்டுல ஒரு ரூமு. நெலப்படியில வேப்பெல சொருகி, ஜன்னல சாத்தி வச்சிருந்தாங்க. சாம்பிராணி, பூண்டு, நல்லெண்ண, புள்ள வாசன. எந்தப் பெத்த வீட்டுலயும் இருக்குறதுதான். ஆனா எல்லாத்துக்கும் மேல மல்லிப்பூ வாசன ஒன்னு வந்துச்சு. தலையில வைக்கிற பூ வாசன இல்ல. வாடி, வேர்த்து, பாலுல ஊறிப் புளிச்ச வாசன.

கட்டில்ல ராஜாம்பா மருமவ செல்வாம்பா ஒக்காந்திருந்தா. பத்தொம்போது வயசு இருக்கும். பக்கத்துல ஏழு நாள் ஆம்பளப் புள்ள, கையில வசம்பு கட்டிக் கெடந்துச்சு. அஞ்சலாட்சி "குளிக்கலாமா தாயி" ன்னு மேல் துணிய எறக்குனப்பதான் பாத்தா. எடது மாருல மட்டும் வெள்ளத் துணிய இறுக்கிச் சுத்தியிருந்துச்சு. துணிக்குள்ள பூவு.

முற்றத்துக்குக் கூப்புட்டு ராஜாம்பா வெவரம் சொன்னா.

"ரெட்டப் புள்ள. ஆணு ஒன்னு, பொண்ணு ஒன்னு. பொண்ணு மூணாம் நாளே போயிடுச்சு. எந்தம்பி சாமிக்கண்ணு துண்டுல சுத்தி கருவடிக்குப்பத்து இடுகாட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனான்." அவ குரல்ல ஏத்த எறக்கம் இல்ல. "ரெட்டன்னா மொத நாளே பக்கம் பிரிச்சுடணும். வலது அவனுக்கு, எடது அவளுக்கு. போனவ பங்க இருக்குறவன் குடிச்சா, இவனும் அவ பின்னாலயே போவான். அதனால எடத வத்த வைக்கணும். தெனம் காலையில ரெண்டு முழம் பூ வாங்கி வச்சுக் கட்டு. மூணு நாள்ல வத்திரும்."

"அவுங்க வூட்டுக்காரரு..."

"உத்திராபதி அல்ஜேரியாவுல, பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருக்கான். ஆம்பளப் புள்ள பொறந்துச்சுன்னு தந்தி அடிச்சாச்சு. ரெட்டன்னு சொல்லல. துப்பாக்கி புடிச்சிக்கிட்டு நிக்கிறவன எதுக்கு அழ வைக்கணும்? அந்தப் பொண்ணு பேச்ச இனிமே இந்த வூட்டுல எடுக்கக் கூடாது. பெத்தவகிட்டயும் சொல்லிட்டேன்."

அஞ்சலாட்சி தலையாட்டுனா.

நொச்சித் தழ போட்டு வெந்நி காய்ச்சி செல்வாம்பா இடுப்புல ஊத்துனா. வயித்துக்குத் துணி கட்டுனா. பால் ஊறணும்னு பால்சுறாவ அவிச்சு உதுத்து, பூண்டு தட்டிப் போட்டு புட்டு செஞ்சா. மொத வீடு இல்லியா, எதுலயும் தப்பு வந்துடக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத்தான் செஞ்சா. செல்வாம்பா சொன்னபடி கேட்டா, சாப்புட்டா, படுத்தா. பேச்சுதான் இல்ல.

மூணு நாளு ஆச்சு. எடது பக்கம் வத்தல.

பூவுதான் வத்துச்சு.

காலையில வெள்ளவெளேர்னு மொட்டா வச்சுக் கட்டுவா. உச்சிப்பொழுதுக்கு அவுத்தா, இஸ்திரிப் பொட்டி வச்சுத் தேச்ச மாதிரி தட்டையா, பழுப்பா, பொடிப்பொடியா உதுரும். காலையில பால் கட்டி வீங்கியிருந்த மாரு தொங்கிப் போயி, அதுல பாலு கெடந்ததுக்கு அடையாளமே இருக்காது. ஆனா காம்பு ஈரமா இருக்கும்.

அடுத்த நாளு காலையில பையனக் குளிப்பாட்ட முற்றத்துல பலகையப் போட்டு ஒக்காந்தா. ரெண்டு காலையும் நீட்டி, பையன வலது கால் மேல குப்புறப் போட்டு எண்ண தேச்சா. அவன் அழுது நாளு ரெண்டு ஆச்சு. வெலா எலும்பு வெரலுக்குத் தட்டுப்பட்டுச்சு.

அப்ப எடது காலு கனத்துச்சு.

கால் மரத்துப் போச்சுன்னு நெனச்சா. ஒரு சொம்பு வெந்நி மொண்டு ரெண்டு கால் மேலயும் சேத்து ஊத்துனா. வலது பக்கம் தண்ணி பையன் முதுகுல வுழுந்து ரெண்டாப் பிரிஞ்சு ஓடுச்சு.

எடது பக்கமும் தண்ணி ரெண்டாப் பிரிஞ்சுதான் ஓடுச்சு.

அங்க ஒன்னும் இல்ல. வெயில்ல அவ காலு மட்டும்தான் தெரிஞ்சுது. ஆனா தண்ணி காலத் தொடல. ஒரு சாண் ஒசரத்துலயே ஒதுங்கி, சின்னதா உருண்டையா ஒரு தலைய, அதுக்குக் கீழ தோள, ஒடுக்கமா ஒரு முதுகச் சுத்தி வழிஞ்சு எறங்குச்சு.

அவ கத்தல. பையனத் தூக்கி மாரோட சேத்துக்கிட்டு அப்டியே ஒக்காந்திருந்தா. எடது முழங்கால்ல ஏதோ மெல்ல ஒதைச்சுது, குளிப்பாட்டு நின்னு போச்சேன்னு கேக்குற மாதிரி.

அன்னிக்கி உச்சியில ராஜாம்பா கண் அசந்ததும், துணி தொவைக்கக் கெணத்துக்குப் போற மாதிரி போக்குக் காட்டிட்டு, அஞ்சலாட்சி ரூமு வாசல்ல வந்து நின்னா.

பையன் பொடவையில கட்டுன ஏணையில கெடந்தான். செல்வாம்பா எடது பக்கத் துணிய அவுத்துட்டு, கைய வளைச்சு வச்சு, மடியப் பாத்துக் குனிஞ்சு இருந்தா. கை வளைவுல ஒன்னுமில்ல. ஆனா மடியில பொடவ குழிஞ்சு இருந்துச்சு.

குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"செல்வா."

செல்வாம்பா நிமுந்தா. பயப்படல. "உள்ள வாக்கா. கதவச் சாத்து. வெளிச்சம் பட்டா முழிச்சுக்குவா."

அஞ்சலாட்சி கதவச் சாத்துனா.

"எத்தினி நாளா?"

"பூ வச்சுக் கட்டுன அன்னிக்கே வந்துட்டா. சத்தமே போட மாட்டா பாவம். பசிக்கா, பசி." செல்வாம்பா குரல் உள்ளுக்குள்ளயே இருந்துச்சு. "பையன் பொறந்ததுமே சப்புனான். இவளுக்குச் சப்பத் தெரியல, வாயத் தெறந்து தெறந்து மூடுனா. ஆம்பளப் புள்ளைக்கு மொதல்ல குடுன்னாங்க அத்தை. குடுத்துட்டுத் திரும்பிப் பாத்தேன். இவ தூங்கிட்டான்னு நெனச்சேங்க்கா. தூங்குறவள எதுக்கு எழுப்பணும்னு வுட்டுட்டேன்."

அஞ்சலாட்சி ஏணைக்குள்ள கை வுட்டா. பையன் தூக்குனதும் கையோட வந்துட்டான், பஞ்சு மாதிரி.

"இவனுக்குப் பாலு பத்தல செல்வா."

"தெரியும். இப்ப அவ வலதும் கேக்குறா."

"குடுக்குறியா?"

செல்வாம்பா கண்ணுல தண்ணி மட்டும் எறங்குச்சு.

"துணிய இறுக்கிக் கட்டிட்டு அவுக்காம இரு தாயி. நாலு நாளு. போயிடும்."

"எங்கப் போவும்? இவ பொறந்ததே இவுங்கப்பாவுக்குத் தெரியாது. பேரு வைக்கல. நானும் கட்டிட்டேன்னா, இப்டி ஒருத்தி பொறந்தான்னு சொல்ல யாருக்கா இருக்கா?" அவ மொகத்தத் தூக்கிப் பாத்தா. "நீயும் பெத்தவதான. ஒனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நீயே சொல்லு. ரெண்டுல எதக் கீழ எறக்கி வுடுவ?"

மொத நாள் சொன்ன பொய்யி அஞ்சலாட்சி தொண்டையில மீன் முள்ளு மாதிரி நின்னுச்சு. இந்தப் பொண்ணுகிட்ட இன்னொரு தடவ அதச் சொல்ல அவளால ஆவல.

"எனக்குப் புள்ளையே இல்ல செல்வா. வேலைக்காவ சொன்னேன். எம்புள்ள இருக்க வேண்டிய எடம் காலிதான்."

குடிக்கிற சத்தம் நின்னுச்சு.

செல்வாம்பா மடியில குழிஞ்சிருந்த பொடவ மெல்ல, ரொம்ப மெல்ல, அஞ்சலாட்சி குரல் வந்த பக்கமா அசைஞ்சு திரும்புச்சு.

"ஒன்னப் பாக்குறா," செல்வாம்பா சொன்னா.

கதவு படார்னு தெறந்துச்சு. ராஜாம்பா. எவ்வளவு நேரம் வெளிய நின்னாளோ.

"எங்கிட்டயே பொய்யா? மலடி கையாலயா எம்பேரன் ஒடம்பத் தேய்க்க வுட்டேன்? அதான் புள்ள காஞ்ச கருவாடாட்டம் ஆவுது. எடுடி மூட்டைய."

"அம்மா, அது இல்லிங்க. அந்தப் பொண்ணு..."

"எந்தப் பொண்ணு?" ராஜாம்பா கேட்டா. "இங்க எந்தப் பொண்ணும் இல்ல."

அதச் சொல்லும்போது அவ மருமவ மடியப் பாக்கல. அந்தப் பக்கம் கண்ணு போவாம இருக்க அவ படுற பாட்ட அஞ்சலாட்சி பாத்தா. ராஜாம்பாவுக்கும் தெரியும்.

அஞ்சலாட்சி பையன ஏணையில வச்சா. அவன் கண்ணு பாதி மூடியிருந்துச்சு, மூச்சு எண்ணி எண்ணித்தான் வந்துச்சு. மூட்டைய எடுத்துக்கிட்டு நெலப்படி வரைக்கும் போனா. போயிரலாம். யாரும் அவளத் தடுக்கல. வெளிய வெயிலு, தெரு, மனுசங்க.

"அக்கா."

செல்வாம்பா எழுந்து நின்னா. கை ரெண்டும் அப்டியே வளைஞ்சு இருந்துச்சு. ஏணையப் பாத்தா. கையப் பாத்தா. மறுபடி ஏணையப் பாத்தா. ஒதடு கோணிக்கிச்சு.

"அந்த எடம் காலின்னியே. இவள அங்க வச்சுக்கறியா?"

ராஜாம்பா சாவிக்கொத்து சத்தமில்லாம நின்னுச்சு.

ஓடிரணும்னு அஞ்சலாட்சிக்குத் தோணுச்சு. ஆனா ஏணை ஆடாம அசையாம தொங்குறதப் பாத்தா. இன்னிக்கி ராத்திரி தாண்டாது அந்தப் புள்ள. அவ மூட்டையக் கீழ வச்சா. கைய நீட்டுனா.

சில்லுன்னு இருக்கும்னுதான் நெனச்சா.

சூடா இருந்துச்சு. குடிச்ச பாலோட சூடு. கை ரெண்டும் பாரத்துல எறங்குச்சு. பையன விட இது நல்லா கனம். முழங்கையில ஒரு சின்ன மொகம் ஒரசிச்சு, மூச்சு வுடல.

செல்வாம்பா கை காத்துல வெறுமனே நின்னுச்சு. அத என்ன பண்றதுன்னு அவளுக்குத் தெரியல.

அஞ்சலாட்சி திரும்புனா. மூட்டைய எடுத்து அவ தோள்ல மாட்டி வுட்டது ராஜாம்பாதான். வழி வுட்டு ஒதுங்கி நின்னா. அஞ்சலாட்சி தாண்டிப் போறப்ப, எந்தப் பொண்ணும் இல்லன்னவ, காதுல வுழுந்தும் வுழாத மாதிரி சொன்னா.

"கழுத்தப் புடிச்சுக்க. இன்னும் நிக்கல."

அவ வாசப்படி எறங்குனதும் பின்னால பையன் வீல்னு அழுதான். பசியில அழுவுற அழுவ, நல்ல அழுவ. கூடவே இன்னொரு அழுவயும் கேட்டுச்சு. அது புள்ள அழுவ இல்ல.

கைய வளைச்சு வச்சுக்கிட்டு தெருவோட போறவளப் பாத்து பூக்காரி ஒருத்தி கேட்டா, "இன்னா பொண்ணு, காத்தத் தூக்கிக்கிட்டு எங்கப் போற?"

கருவடிக்குப்பத்துல வச்சுட்டு வந்துரலாம்னுதான் அவ போனா. அதுக்கு சொந்தமான எடம் அதான. இடுகாட்டுல ஆளு இல்ல. ஓரமா, சின்னச் சின்ன மேடா புள்ளைங்கள பொதச்ச எடம். புது மண்ணு ஒன்னு கெடந்துச்சு. அதுகிட்ட மண்டி போட்டு, "தாயி, எறங்கிக்கம்மா" ன்னு கைய மெல்லத் தாழ்த்துனா.

ரவிக்கைய ஏதோ புடிச்சிக்கிச்சு.

அஞ்சு வெரலு. அவ அசைஞ்சா இன்னும் இறுக்கமாப் புடிச்சுது. ஒரு தடவ எறக்கி வுட்டவங்கள அதுக்குத் தெரியும் போல.

அஞ்சலாட்சி அந்த மண்ணுல ஒக்காந்து, அன்னிக்கி வரைக்கும் அழாத அழுவயெல்லாம் அழுதா. தனக்கா, அதுக்கான்னு அவளுக்கே தெரியல. வெயிலு எறங்குனதும் எழுந்தா. ஒரு கையில மூட்டைய எடுத்துக்கிட்டா. இன்னொரு கைய நிமுத்தல.

பையன் பொழச்சுக்கிட்டான். சின்னப்பொண்ணு வந்து சொன்னா, கொழுகொழுன்னு இருக்கான்னு. அவளே வேற வீடுங்களும் புடிச்சுக் குடுத்தா. புள்ள இல்லன்னு தெரிஞ்சும், கை நல்ல கைன்னு கூப்புட்டாங்க. ஒரே ஒரு கொறதான் சொன்னாங்க. எதச் செஞ்சாலும் எடது கைய மடக்கியே வச்சிருக்கான்னு. அப்புறம் கொஞ்ச காலத்துல இடுப்ப ஒடிச்சு நடந்தா. அதுக்கப்புறம் ஒரு வெரல நீட்டிக்கிட்டு மெதுவா நடந்தா, யாரோ புடிச்சிக்கிட்டு வர்ற மாதிரி.

அறுவத்திரெண்டு ஆவணியில செல்வாம்பாகிட்டேர்ந்து ஆளு வந்துச்சு. உத்திராபதி பிரான்சுலயே தங்கிட்டானாம். பொண்டாட்டி புள்ளைய வரச் சொல்லி காயிதம் போட்டானாம். மத்தியானம் ரயிலு. ஒரு தடவ வந்துட்டுப் போக்கான்னு சொல்லி வுட்டிருந்தா.

ஸ்டேஷன்ல கூட்டம். சூட்கேசு, மூட்டை, அழுவுற சனங்க. செல்வாம்பா கால்ல சப்பாத்து போட்டுக்கிட்டு நின்னா. பையன் பொட்டி மேல ஒக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தான். ராஜாம்பா இல்ல, போன வருசம் போயிட்டா.

செல்வாம்பா அஞ்சலாட்சி மொகத்தப் பாக்கல. அவ இடுப்புப் பக்கமா, கொஞ்சம் கீழ பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"பையன விட ஒசரம்," மெதுவா சொன்னா.

"ஆமா. பாவாட எல்லாம் குட்ட ஆயிடுச்சுன்னு வச்சுக்கயேன்," அஞ்சலாட்சி சிரிக்கப் பாத்தா. முடியல. "கூட்டிக்கிட்டுப் போறியா செல்வா? கேட்டா தந்துடுவேன்."

செல்வாம்பா பையனத் திரும்பிப் பாத்தா. அவன் வாயெல்லாம் முறுக்குத் தூளு.

"வேணாங்க்கா."

ஊதல் சத்தம் கேட்டுச்சு. செல்வாம்பா கைப்பையில கைய வுட்டு செவப்பு ரிப்பன் ஒன்ன எடுத்தா. அங்கயே, அத்தன பேரு நடுவுல மண்டி போட்டா. காத்துல கோதி, ரெண்டாப் பிரிச்சு, பின்னி, நிதானமா முடிச்சுப் போட்டா. வெரலுக்கு ஒசரம் தெரிஞ்சிருந்துச்சு. அப்புறம் அந்தக் காத்த ஒரு தடவ மோந்து பாத்துட்டு, எழுந்து, திரும்பிப் பாக்காம வண்டி ஏறுனா.

வண்டி நவுந்துச்சு.

ரிப்பன் கீழ வுழல. அஞ்சலாட்சி இடுப்பு ஒசரத்துல அப்டியே நின்னுச்சு. அவ சட்டுனு வெரல இறுக்கிப் புடிச்சா. அந்தச் சின்னக் கையி உருவிக்கிட்டுச்சு.

செவப்பு ரிப்பன் வண்டி பின்னால ஓடுச்சு. கூட்டத்துக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு, பிளாட்பாரம் முடியிற எடம் வரைக்கும் ஓடுச்சு.

அங்க நின்னுச்சு.